கோடியக்கரைக் காட்டில் தீ: காற்று திரும்புமுன் செய்ய வேண்டியவை

காட்டுத்தீயைப் பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் மலைக்காட்டை மனத்தில் வைத்தவை. தீ சரிவில் மேலேறும், மேட்டில் நிற்காதே என்றுதான் தொடங்கும். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில் சரிவு எங்கே இருக்கிறது? ராமர் பாதம் நிற்கும் மணல்மேடுதான் அந்தக் காட்டின் உச்சி. இங்கே தீயை நடத்துவது காற்று மட்டுமே. அந்தக் காற்றும் ஒரு பகலுக்குள்ளேயே முகம் மாறுவது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை என்று இரண்டு கடல்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மூலை அது.

காலை 8 மணிக்குத் தரைக்காற்றில் மெல்லக் கிழக்கு நோக்கி நகரும் புல்தீ சாதுவாகத் தெரியும். நண்பகலை நெருங்கும்போது கடல்காற்று ஏறும். அதுவரை பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் எரிந்துகொண்டிருந்த நீண்ட விளிம்பு முழுவதும் அப்போது தீயின் தலையாகிவிடும், அதாவது காற்றோடு முன்னேறும் முகப்பாகிவிடும். 50 மீட்டர் அகலத் தலை 500 மீட்டர் அகலமாவது இப்படித்தான். கடற்கரைக் காட்டில் தீயணைக்கப் போனவர்கள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

எது எரியும், எப்போது எரியும்

கோடியக்கரையின் மூலக்காடு உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரம், காரை, காட்டு எலுமிச்சை என்று தடித்த இலைகளோடு நெருக்கமாக வளர்ந்தவை. கூரை மூடிய இடத்தில் அடியில் நிழலும் ஈரமும் இருக்கும். தீ உள்ளே போனாலும் சருகில் ஊர்ந்து சோர்ந்துவிடும். தொல்லை கூரை திறந்த இடங்களில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் இந்தப் பகுதியில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. வெயில் தரையைத் தொட்ட இடங்களில் புல்லும் சீமைக்கருவேலமும் ஏறின. விழுந்த கட்டைகள் காய்ந்தன. ஒரு தீக்குச்சிக்கு வேண்டிய அடுக்கு அது: கீழே புல், நடுவில் முள், மேலே கட்டை.

தனியாகக் கவனிக்க வேண்டியது பனை. வெட்டப்படாத காவோலைகள் (காய்ந்த ஓலைகள்) கழுத்திலிருந்து தரைவரை பாவாடைபோலத் தொங்கும். புல்தீ அதைத் தொட்டால் அரை நிமிடத்தில் உச்சிக்கு ஏறிவிடும். உச்சியிலிருந்து பன்னாடைத் துண்டுகள் எரிந்தபடியே காற்றில் பறந்து, நீங்கள் பாடுபட்டு வெட்டிய தீத்தடுப்புக் கோட்டைத் (தீ கடக்காதபடி புல்லும் புதரும் நீக்கிய பட்டை) தாண்டி விழும். கோட்டின் இருபுறமும் 15 மீட்டருக்குள் நிற்கும் பனைகளில் தொங்கும் காவோலையை ஆண்டுக்கு ஒருமுறை கழித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் கோட்டை மட்டும் அகலப்படுத்துவது வீண் கூலி.

சவுக்குத் தோப்பும் அப்படியே. சவுக்குச் சருகு மெத்தைபோல இறுகிக் கிடக்கும். மேலே ஈரமாகத் தெரிந்தாலும் அடியில் காய்ந்திருக்கும். காட்டை ஒட்டிச் சவுக்கு வைத்திருப்பவர் எல்லையோரம் 5 மீட்டருக்குச் சருகை வாரி, கீழ்க்கிளைகளை ஆள் உயரத்துக்கு மேல் கழித்து வைத்தால் போதும்.

மலைக்காட்டில் தென்மேற்குப் பருவமழை விழுந்ததும் தீக்காலம் முடிந்துவிடும். டெல்டா கரையில் முடியாது. இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மார்கழியில் ஓய்ந்த ஈரம் மாசிக்குள் போய்விடும். மார்ச் முதல் மே வரை முதல் கட்டம். அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உள்நாட்டிலிருந்து வறண்டு வீசும் மேல்காற்றுக் (மேற்குக் காற்று) காலம் இரண்டாம் கட்டம். மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்துவிட்டால் வயலில் ஈரம் வந்துவிடும், காட்டுக்கு வராது. கோடியக்காட்டில் காவலை மே மாதத்தோடு குறைப்பது மலை மாவட்டத்து நாட்காட்டியை இங்கே ஒட்டுவதுதான்.

மூட்டுபவர் யார் என்பதில் மர்மம் இல்லை. மின்னல் இங்கே மழையோடுதான் வரும். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் ஆதிசேதுவில் நீராட வருபவர்கள் விட்டுச்செல்லும் அடுப்பு, சாலையோரம் எறியும் பீடி, தேனெடுக்கக் கொளுத்தும் பந்தம், புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ச்சல்காரர் வைப்பது, எல்லையோர வயலில் அறுத்த நெல்தாளுக்கு வைத்த தீ. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளிக்கும் பழக்கம் இருப்பதால், டெல்டாவில் தாள் எரிப்பது பஞ்சாப் அளவுக்குப் பெரிதல்ல. ஆனால் பயறு தெளிக்காத தரிசில் வைக்கோலைக் கொளுத்துவது உண்டு. காட்டெல்லை வயல்காரர்களிடம் கேட்க வேண்டியது எளிது: கொளுத்தாமல் மடக்கி உழுங்கள்.

தீத்தடுப்புக் கோடு

பொங்கல் கழிந்து மாசி பிறப்பதற்குள் கோட்டு வேலை முடிந்துவிட வேண்டும். மண்ணில் மிச்ச ஈரம் இருக்கும்போது புல் வேரோடு வரும், முள்தூரைத் தோண்டவும் எளிது. பங்குனியில் தொடங்கினால் காய்ந்த புல்லில் இரும்பு கல்லில் பட்டுப் பொறி பறக்கும் ஆபத்தும் சேரும்.

முழங்கால் உயரப் புல்லுக்கு 3 மீட்டர், ஆளுயரப் புதருக்கு 6 முதல் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்க்கும் சுவாலை உயரத்தில் ஒன்றரை மடங்குக்குக் குறைந்தால் அது கோடே அல்ல. முழு அகலத்தையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு மீட்டர் வெறும் மண் தெரியச் செதுக்கி, இருபுறமும் புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி, மேலே கிளைகள் கைகோக்காமல் 3 மீட்டர் உயரம்வரை கழிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சாலை, உவர்வெளி, ஓடை ஆகியவற்றோடு கோட்டின் இரு முனைகளையும் சேர்த்துவிடுங்கள். நடுக்காட்டில் தொடங்கி நடுக்காட்டில் முடியும் கோட்டைத் தீ சுற்றிக்கொண்டு போய்விடும்.

கோடு தோற்கும் இடங்கள் எப்போதும் இந்த மூன்றுதான். வெட்டிய முள்ளைக் காட்டுப்பக்க விளிம்பிலேயே குவித்து வைப்பது முதல் தவறு. அந்தக் குவியல் திரிபோல எரிந்து தீயைக் கோட்டுக்கு மேல் தூக்கிப் போடும். வெட்டியதை உடனே அகற்றுங்கள். முடியாவிட்டால் நீளத்துக்குப் பரப்பிவிடுங்கள். இரண்டாவது, அடர்ந்த முள் வந்ததும் வேலை நின்றுபோய் 20 மீட்டர் தள்ளி மறுபடி தொடங்குவது. கூலிக்கணக்கில் அது தெரியாது, தீக்குத் தெரியும். மூன்றாவது, கோட்டின் குறுக்கே கிடக்கும் காய்ந்த மரம். அதை அறுத்து உருட்டாவிட்டால் தீ அதன் மேல் நடந்து கடக்கும்.

டிராக்டர் விட்டு உழுதால் ஒரே நாளில் முடியுமே என்பார்கள். வெளிமான் மேயும் புல்வெளியில் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கிளறிய மண்ணில், மாட்டுச் சாணத்தில் வந்த சீமைக்கருவேல விதைகள் அடுத்த மழைக்கே முளைக்கும். மூன்றாம் ஆண்டு உங்கள் தீத்தடுப்புக் கோடு முள்வேலியாக நிற்கும்.

கோடியக்கரை வனவுயிர்ச் சரணாலயம். அதற்குள் இவை எல்லாமே வனத்துறையின் வேலை, அல்லது வனச்சரகரின் எழுத்து அனுமதியோடு செய்யும் வேலை. அனுமதி இல்லாமல் ஒரு செடியையும் வெட்ட முடியாது.

எரித்துத் தடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. 1860-களில் மத்திய மாகாணங்களின் போரி காட்டில் ஆங்கிலேய வனத்துறை தீயைத் தடுக்கத் தொடங்கியது, மரத்துக்காக. சென்னை மாகாணத்தில் 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டம் காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. பர்மாவின் ஈரமான தேக்குக் காடுகளில் பல ஆண்டுகள் தீயைத் தடுத்த பிறகு தேக்கங்கன்று எழாமல் மூங்கிலும் புதரும் அடைத்துக்கொண்டதை வன அதிகாரிகளே கண்டார்கள். அமெரிக்காவில் 1935-இல், கண்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கியாக வேண்டும் என்று விதி போட்டார்கள். எரியாமல் சேர்ந்த விறகு பெருந்தீக்குத் தீனியாவது தெரிந்து 1970-களில் கைவிட்டார்கள். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்திலேயே சருகை மெல்ல எரிக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். அது நிறுத்தப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி என்னும் அயல்நாட்டுப் புதர் காட்டை மூடியது என்பது அவர்கள் வாதம்.

இதைப் படித்துவிட்டுக் கோடியக்கரைப் புல்வெளியையும் எரிக்கலாம் என்பவர்கள் உண்டு. தேக்கும் மலைப்புல்லும் தீயோடு பழகியவை. பாலை மரக்காடு அப்படியல்ல. அதன் விளிம்பு ஒருமுறை எரிந்தால் வெயில் உள்ளே புகும், அடுத்த தீ இன்னும் உள்ளே போகும். சீமைக்கருவேலமோ மேலே எரிந்தாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். எரிப்பது அதற்கு நன்மை, மற்றதற்கெல்லாம் கேடு. இன்னொன்று, வெளிமான் குட்டி ஈன்றதும் புல்லில் அசையாமல் படுத்துக்கொள்ளும் சாதி. ஆபத்து வந்தால் ஓடாது, இன்னும் ஒடுங்கும். நரியிடம் அந்த உத்தி பலிக்கும், தீயிடம் பலிக்காது. ஆள்காட்டிக் குருவியின் முட்டையும் தரையில்தான். இங்கே புல்வெளியைக் காப்பது முள்ளைத் தூரோடு தோண்டுவது, எரிப்பது அல்ல.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி சரணாலயத்தில் தீ வைப்பதும், ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும், எரியும் தீயை விட்டுப் போவதும் குற்றம். சரணாலயத்துக்குள் வசிப்பவர், தெரிந்த தீயை அணைக்கவும் கடமைப்பட்டவர் என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது.

பத்துப் பேர் அணிக்கு என்ன வேண்டும்

தழையால் தீயடிப்பவர் 4, தெளிப்பான் 2, மண்வெட்டி 2, அரிவாளோடு வழி வெட்டுபவர் 1, எதையும் தொடாமல் காற்றையும் புகையையும் மட்டும் பார்க்கும் ஆள் 1. இந்தக் கடைசி ஆளைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். ‘சும்மா நிற்கிறான், அவன் கையிலும் ஒரு தழையைக் கொடு’ என்று யாராவது சொல்வார்கள். கொடுக்கக்கூடாது.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும், முழுக்கை, முழுக்கால். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ரப்பர் செருப்பில் முள்ளும் ஏறும், சூடும் ஏறும். கணுக்கால் மூடிய தோல் காலணி வேண்டும். முகத்துக்கு ஈரத்துண்டைவிட உலர்ந்த பருத்தித் துண்டு நல்லது, ஈரம் அனலில் ஆவியாகிச் சுடும். குடிக்க ஆளுக்கு 5 லிட்டர், கூட உப்பு-சர்க்கரைக் கரைசல். வேர்வை நின்று பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி உடம்பு முழுக்க நீர் ஊற்றி உடனே மருத்துவமனைக்கு.

வயலுக்கு வைத்திருக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பானே போதும், சுமார் 20 நிமிடம் வரும். களைக்கொல்லி அடித்த டாங்கை மட்டும் கொண்டுவராதீர்கள். மிச்சம் அடியில் இருக்கும், அது புல்லுக்கும் மானின் வாய்க்கும் போகும். உப்பளத்து நீரும் வேண்டாம். தீ அணையும், ஆனால் அந்த இடத்தில் மழை கழுவும்வரை எதுவும் முளைக்காது. விலங்குகளுக்கென்று நிரப்பி வைத்த தொட்டியை வழித்தெடுப்பதும் கூடாது, தீக்குப் பிறகுதான் அவற்றுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும்.

நல்லவேளை, இங்கே தண்ணீரைவிடக் கைக்கெட்டும் மருந்து மணல்.

தீ கண்டதும்

முதலில் சொல்லுங்கள், பிறகு ஓடுங்கள். வனச்சரக அலுவலகம், அடுத்து தீயணைப்புத் துறை 101 அல்லது 112. ‘காட்டுல தீ’ என்று சொன்னால் வண்டி எந்தப் பாதையில் வரும்? கைபேசியில் இருப்பிடத்தை அனுப்புங்கள். புகையின் நிறம், சாயும் திசை, எரிவது புல்லா முள்ளா, அருகில் வண்டி வரும் தடம் இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். வெண்புகை ஈரப்புல், மெல்லிய நீலப்புகை காய்ந்த சருகு, தடித்துக் கருத்துத் திரண்டால் முள்ளும் பனையும் சேர்ந்து எரிகிறது.

செயற்கைக்கோள் எச்சரிக்கையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இந்திய வன ஆய்வு நிறுவனம் கைபேசிக்கு அனுப்பும் எச்சரிக்கை பயனுள்ளதுதான், பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் 375 மீட்டர் கட்டத்தில் பார்க்கும் அந்தக் கருவி இந்தப் பக்கம் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணியையும் இரவு ஒன்றரை மணியையும் ஒட்டி. பிற்பகல் 3 மணிக்குப் பிடித்து மாலைக்குள் ஓயும் புல்தீ அதன் கண்ணில் படாது.

நுழையுமுன் இரண்டு வழிகளை எல்லாரும் கையால் காட்டிச் சொல்ல வேண்டும்: இதுதான் வெளியேறும் தடம், அது அடைந்தால் இன்னொன்று. போய்ச் சேரும் இடம் உவர்வெளியாகவோ முழுதும் எரிந்து ஆறிய கரிநிலமாகவோ இருக்கலாம். அதன் நடுவில் நின்றால் சுற்றிலும் சுவாலை உயரத்தின் நான்கு மடங்காவது வெறுமையாக இருக்க வேண்டும். சதுப்பில் ஒரு எச்சரிக்கை. மேலே உப்பு பூத்துக் கெட்டியாகத் தெரியும் சேறு, ஓடும் காலை முழங்கால்வரை வாங்கிவிடும். நடந்து பார்க்காத சேற்றைத் தப்பும் வழியாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

சுவாலை இடுப்பைத் தாண்டாதவரை, தோராயமாக 1.2 மீட்டர்வரை, கைக்கருவியோடு நெருங்கலாம். அதற்கு மேல் போனால் தலைக்கு முன்னால் நிற்கவே கூடாது. பின்வாங்கி அடுத்த சாலையிலோ கோட்டிலோ காத்திருங்கள். தொடங்க வேண்டியது எப்போதும் தீயின் வாலில், அதாவது தலைக்கு எதிரான பின்பக்கத்தில், அதுவும் ஏற்கெனவே எரிந்த இடத்திலோ சாலையிலோ கால் ஊன்றி. அங்கிருந்து இரு விலாவையும் (பக்க விளிம்புகளையும்) அணைத்துக்கொண்டே தலையை நோக்கிப் போவது. காற்றைப் பார்த்து, நண்பகலுக்குப் பின் எந்த விலா தலையாகுமோ அதை முதலில் முடியுங்கள். பிப்ரவரி முதல் மே வரை கடல்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து எழும், ஆகவே மேற்குப் பக்க விளிம்பை 10 மணிக்குள் அடைத்துவிட வேண்டும். மேல்காற்றுக் காலத்தில் இது தலைகீழ்.

தழையால் அடிக்கும்போது ஓங்கி அறைந்தால் பொறிதான் சிதறும். அடியில் அழுத்தி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். இரண்டிரண்டு பேராக, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறுங்கள். மணலைச் சுவாலைக்கு மேல் கொட்டாமல், மண்வெட்டியைத் தாழப் பிடித்து, அடிப்புல்லில் விசிறிபோலப் படும்படி வீசுங்கள். நல்ல கை ஒரு வீச்சில் ஒரு மீட்டர் விளிம்பை அமர்த்தும்.

வரும் தீக்கு இரை இல்லாமல் செய்ய அதன் முன்னால் எதிர்த்தீ வைப்பதை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆளும் உத்தரவும் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. கடல்காற்று ஏறும் நேரத்தில் வைத்த எதிர்த்தீ இரண்டாவது காட்டுத்தீ. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது மலைச்சரிவில்தான். ஆனால் காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் மனிதக் கால் தோற்கும் என்பது சமதரைக்கும் பொருந்தும்.

நான்கு பக்கமும் ஆள் நிறுத்தி வளைக்காதீர்கள். மானும் மட்டக்குதிரையும் ஓட ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். குட்டியைத் தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம், தாய் அருகில்தான் இருக்கும். தீ நேராக அதன் மேல் வந்தாலொழிய வனக்காப்பாளரிடம் இடத்தைச் சொன்னால் போதும்.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற ஏரிச் சரணாலயங்களில் நிலைமை சற்று வேறு. நீர் வற்றிய மே, ஜூனில் சம்பும் கோரையும் காய்ந்து ஆளுயரத்துக்கு நிற்கும். அது எரிந்தால் சுவாலை இரண்டாள் உயரம் போகும், உள்ளே இறங்கி அணைப்பது நடவாத காரியம். கரையோரம் 5 மீட்டர் அறுத்து வைத்து, தீ வந்தால் கரைமேல் நின்று தடுப்பதோடு சரி.

அணைந்த பிறகு

அணைந்ததாக நினைத்த தீதான் மறுநாள் பிற்பகல் கடல்காற்றில் எழும். சீமைக்கருவேலத் தூரும் பனங்கட்டையும் காய்ந்த சாணமும் புகையில்லாமல் நாள்கணக்கில் கனலும். எரிந்த விளிம்பிலிருந்து உள்ளே 30 மீட்டர்வரை ஒவ்வொரு கட்டையாகப் பாருங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துச் சூடு பாருங்கள், தொட வேண்டாம். சூடு தெரிந்தால் தோண்டி, உடைத்து, நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். மணலை மட்டும் போட்டு மூடினால் அடியில் கரிமூட்டம்போல வெந்துகொண்டே இருக்கும். மணல் சுவாலைக்கு மருந்து, கங்குக்குப் போர்வை. விடியற்காலையில் காற்று ஓய்ந்திருக்கும்போது மெல்லிய புகைநூல் கண்ணுக்குத் தெரியும், அப்போது ஒரு சுற்று வாருங்கள். மூன்று நாள் தொடர வேண்டும்.

அதே சுற்றில் கைபேசியோடு விளிம்பை நடந்து தடத்தைப் பதிந்தால் எரிந்த பரப்பு கிடைத்துவிடும். தீ எங்கே தொடங்கியது என்று பார்க்க மரத்தின் அடியைப் பாருங்கள். காற்றுக்கு மறைவான பக்கத்தில் கரி உயரமாக ஏறியிருக்கும். கரி தாழ்ந்திருக்கும் பக்கமாக மரத்துக்கு மரம் பின்னோக்கிப் போனால் அடுப்புக்கல்லிலோ சாலையோரத்திலோ போய் நிற்பீர்கள். அங்கே எதையும் மிதிக்காமல் வனவரை அழைக்க வேண்டும்.

எரிந்த இடத்தில் அவசரப்பட்டு மரக்கன்று நட வேண்டாம், சவுக்கு வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பிறகு பாலையும் காரையும் தாமே அடியிலிருந்து துளிர்க்கிறதா என்று பாருங்கள். கூடவே சீமைக்கருவேல நாற்றும் எழும். கார்த்திகை முதல் தை வரை, மண் நெகிழ்ந்திருக்கும்போது, ஒரு முழத்துக்குக் குறைந்த நாற்றுகள் கையோடு வேரோடு வரும். அதைத் தாண்டியதை வெட்டினால் நான்காகத் துளிர்க்கும். தரைக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் தோண்டித் தூர்முடிச்சையே எடுக்க வேண்டும். எடுத்த குழியை மூடி மிதித்துவிடுங்கள், இல்லையேல் வெளிமானின் கால் அதில் இறங்கும்.